புல் நட்டவள்

புல்லைப் பிடுங்கியே வயிறு கழுவியவள் காவேரி. பாவாடை கட்டிய வயதில் கையில் எடுத்த களைக்கொத்தைத் தலை நரைக்கும்வரை அவள் கீழே வைக்கவில்லை. மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில் இருக்கிற அந்தக் காப்பி எஸ்டேட்டில், எந்தச் சரிவில் எந்தக் களை முதலில் தலை நீட்டும் என்பது அவளுக்கு அத்துபடி. அப்பேர்ப்பட்டவள் கடைசியில் ஒரு வீட்டில் புல்லைக் கேட்டு வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு வந்து, நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா பின்னே! காப்பிக்காட்டுக்காரி புல் நடுவதென்றால் அது துவைத்த துணியில் சேறு பூசுகிற கதைதானே.

எதற்காக நடுகிறாள் என்று தெரிந்த பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை. மடியில் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

அவள் புருஷன் பழனிசாமிக்கும் அதே எஸ்டேட்தான், அதே வேலைதான். ஆனால் அவர் கை வேறு. அவர் களை எடுத்த இடத்தில் இலை போடாமலே சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டரே சொல்லுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "புடுங்குனாப் பத்தாது. மண்ண உதறு. வேரு வானத்தப் பாக்குற மாதிரி கவுத்துப் போடு. இல்லீன்னா ஒரு தூத்தல் போட்டாப் போதும், மறுக்காப் புடிச்சுக்கும்." இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு வயதாகிவிட்டது.

கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. சேர்வராயன் கோயிலுக்கு நடையாக நடந்து, இனி இல்லை என்று கைவிட்ட பிறகு பிறந்தவள் கீர்த்தனா. பேச ஆரம்பித்தால் வாய் மூடாது அந்தப் பெண்ணுக்கு. ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வரும், வந்ததும் பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது வரைக்கும் அப்பனிடம் ஒப்பித்துவிட்டுத்தான் கைகால் கழுவும். முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். எண்ணெய் வைக்க விடாது. காவேரி சீப்பைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள், அது அப்பன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த இடத்தில் சும்மா இருக்குமா? "அப்பா, உங்க மீசைல களை மொளைச்சிருக்குது" என்று நரைமுடி ஒன்றை வெடுக்கென்று பிடுங்கும். "வேரு வானத்தப் பாக்கணுமப்பா" என்று அதை அவர் உள்ளங்கையிலேயே கவிழ்த்து வைக்கும். பழனிசாமி வலியில் கத்துவார், கத்திக்கொண்டே சிரிப்பார்.

ஒரு ஐப்பசி மழையில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் தலைக்கு ஏறி, கை கால் வெட்டி இழுத்தபோதுதான் ஜீப் பிடித்தார்கள். சேலம் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டும். ஜீப் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதும், மடியில் கிடந்த மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு பழனிசாமி சொல்லிக்கொண்டே வந்தார்: "இந்த வளைவு தாண்டுனா ஆஸ்பத்திரிதான் சாமி. இந்த ஒரு வளைவுதான்." பாதி மலை இறங்குவதற்குள் அந்த உடம்பு சில்லிட்டுப் போனதைக் காவேரியின் கை கண்டுகொண்டது. அவள் சொல்லவில்லை. அடிவாரம் வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே எரிக்கிற வழக்கம் இல்லை, புதைத்தார்கள்.

எஸ்டேட் ஆட்களுக்கென்று ஒரு இடுகாடு உண்டு. காப்பிக்காட்டின் கீழ்க்கோடியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு சரிவு. அங்கே சிமெண்டு பூசக் கூடாது, கல் நடக் கூடாது, அது எஸ்டேட் நிலம். இடமும் கொஞ்சம்தான். மண்மேடு மழையில் கரைந்து மட்டமானால், அடுத்த சாவுக்கு அங்கேயே குழி வெட்டுவார்கள். யாரும் குற்றம் சொன்னதில்லை. செத்தவர்களுக்கும் லைன் வீடு மாதிரிதான் அங்கே, ஒருவர் மறைந்தால் அடுத்தவர் குடியேற வேண்டியதுதான். ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட இந்த வழக்கத்தைக் காவேரியின் வயிறு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என்றைக்காவது ஒருநாள், இடம் காலி என்று நினைத்து எவனாவது மம்முட்டியை ஓங்கி மகளின் மேல் போட்டுவிடுவான் என்ற பயம் அவளைத் தின்றது. சோற்றில் கை வைத்தால் அந்த மம்முட்டிச் சத்தம்தான் அவள் காதில் கேட்கும்.

பழனிசாமி அந்தப் பக்கமே போகவில்லை. புதைத்த அன்றைக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பியவர்தான். மகள் பெயரையும் அதற்குப் பிறகு வாயில் எடுக்கவில்லை. காவேரி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "பெத்த புள்ளைய ஒருக்கா எட்டிப் பாக்கலீன்னா நீங்கெல்லாம் என்ன அப்பனுங்க?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கட்டக் காலே வர மாட்டீங்குது புள்ள, என்னிய உட்ரு" என்பார். சரி, கல்நெஞ்சு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தனியாகவே போனாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல்.

முதலில் சுற்றிலும் உருண்டைக் கல்லாகப் பொறுக்கி வைத்தாள். அடுப்புக் கூட்ட நல்ல கல் என்று எவளோ எடுத்துப் போய்விட்டாள். செண்டுமல்லி போட்டாள். பூத்தது, காய்ந்தது, அதோடு சரி. அருகம்புல் வைத்தால் அழியாது என்று யாரோ சொல்ல, கரணை கரணையாகக் கொண்டுவந்து பதித்தாள். அருகுக்கு வெயில் வேண்டும், சில்வர் ஓக் நிழலில் வெயிலுக்கு எங்கே போவது? உதிர்ந்த சருகுக்கடியில் மஞ்சளாய் வெளுத்துச் செத்தது. எலுமிச்சம்புல் வைத்தாள். அது இடுப்பு உயரத்துக்குப் புதராகிவிட்டது, பாம்பு அடையும் என்று ஆட்கள் வெட்டிப் போட்டார்கள். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் லான் போட்டு மிஞ்சிய புல்லை வாட்ச்மேன் கொடுத்தான். பாய் மாதிரி சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்து விரித்தாள். என்ன பச்சை, என்ன பச்சை! அடுத்த மழையில் அத்தனையும் அழுகி நாறியது. லான் புல் சீமான் வீட்டுப் பிள்ளை, நிழலும் ஆகாது, ஈரமும் ஆகாது. மேடு வருஷத்துக்கு வருஷம் கரைந்துகொண்டே போனது. காவேரிக்குத் தூக்கம் போனது.

அந்தச் சமயத்தில் எஸ்டேட்டில் வேலை குறைந்து, கிளியூர் ரோட்டில் ஒரு பங்களாவுக்குத் தோட்ட வேலைக்குச் சேர்ந்தாள். பங்களாக்காரி ஈவ்லின், தனிக்கட்டை, எப்போதும் கையில் ஒரு டீக் கோப்பையோடு செடிகளுக்கு நடுவில் நிற்கிற அம்மாள். லாசர் என்று ஒரு தோட்டக்காரர் அங்கே முன்பிருந்தே இருந்தார். முதல் நாள் அவளை மரத்தடிப் பாதை ஓரமாகக் களை எடுக்கச் சொன்னார்கள். காவேரி குனிந்தாள். பாதையோரம் நெடுக, கருகருவென்று, முடி மாதிரி மெல்லிசாய் ஒரு புல் மண்டிக் கிடந்தது. இதைப் பிடுங்காமல் எதைப் பிடுங்குவது? கை பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. வேரோடு எடுத்து, மண்ணை உதறி, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்து, பாதி வரிசையைக் காலி பண்ணிவிட்டு நிமிர்ந்தபோது லாசர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அய்யய்யோ! என்ன காரியம்மா பண்ணிப்புட்ட! அது களையில்ல, மாண்டோ புல்லு. நட்டு வளத்தது. அது ஒரு வெரக்கடை பரவறதுக்கு ஒரு வருசமாவும்."

காவேரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேலை போயிற்று என்று நினைத்தாள். ஈவ்லின் வந்து பார்த்தார். டீக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கவிழ்ந்து கிடந்ததை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் திரும்ப நட ஆரம்பித்தார். காவேரியும் அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து நட்டாள். நடும்போதுதான் நிமிர்ந்து மேலே பார்த்தாள். தலைக்கு மேல் சில்வர் ஓக்.

"ஏனுங்கம்மா, இதுக்கு வெயிலு வேண்டாங்களா?"

"வேண்டாம். நெழல்தான் அதுக்குப் பிடிக்கும்."

"மழைல அழுவாதுங்களா?"

"தண்ணி தேங்காம இருந்தா அழுவாது. சரிவுல நல்லா நிக்கும், மண்ணையும் பிடிச்சுக்கும்."

"ஒசரமா வளந்துராதுங்களே? காட்டெருமை மேயாதுங்களா?"

"ஒரு சாணுக்கு மேல போகாது, வெட்டவே வேண்டாம். எருமை மோந்து பாத்துட்டுப் போயிடும். ஏன் கேக்கற?"

"எனக்குக் கொஞ்சம் குடுங்கம்மா. எம் புள்ளைக்குப் போத்தி உடோணும்."

ஈவ்லினுக்குப் புரியவில்லை. காவேரி சொல்லச் சொல்லப் புரிந்தது. அன்று சாயங்காலம் லாசரே ஒரு கொத்தைத் தோண்டி, வேர் அறாமல் பிரித்துப் பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். நட்டுவிட்டு மறந்துவிடு, அடிக்கடி போய்ப் பார்த்தால் வளரவே வளராத மாதிரி இருக்கும் என்றும் சொன்னார். மறக்கிறதா! அவளா!

கயிறு பிடித்த மாதிரி வரிசையாக நட்டாள். முதல் வருஷம் நட்டது நட்டபடியே நின்றது, செத்ததா பிழைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த வருஷம் பக்கத்தில் ஊசி ஊசியாய் முளை விட்டது. ஒவ்வொரு மழைக்கும் பங்களாவிலிருந்து இன்னும் கொஞ்சம் கொண்டுபோய் இடைவெளியில் செருகினாள். வெயில் காலத்தில் ஓடையிலிருந்து தவலையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். சில்வர் ஓக் சருகு உதிர்ந்து மூடிக்கொள்ளும், அதை விரலால் கோதிக் கோதி எடுப்பாள். கோதும்போது வாய் தன்னால் பேசும். "இப்ப மட்டும் பேசாம காட்டறயே. அன்னிக்கு எண்ண வெக்க ஓடுனவதான நீயி?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுவாள். அழுத பிறகு கொஞ்சம் லேசாக இருக்கும்.

வருஷங்கள் போய், ஒரு மழை முடிந்தபோது பார்த்தால் மண்ணே தெரியவில்லை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் கரும்பச்சைப் போர்வை. உள்ளே கையை விட்டு விலக்கினால் நீல மணி மாதிரி காய். அந்த வருஷம் லைனில் ஒரு சாவு விழுந்தது. குழி வெட்ட வந்த மணி அந்தப் பச்சையைப் பார்த்ததும், "இது காவேரியக்கா புள்ள எடம். தள்ளி வெட்டுங்கடா" என்றானாம். அதைக் கேட்ட அன்றுதான் காவேரி பல வருஷத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரே ஒரு குறைதான் மிச்சம். அவர் வந்து பார்க்கவில்லை. இந்தப் பச்சையை ஒருமுறை பார்த்தால் போதும், அவர் மனசு ஆறிவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். மலை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் தங்கை வீட்டில் படுத்துக் கிடந்தாள். கீர்த்தனாவின் திதி வந்தது. ஒரு வருஷம்கூடத் தவறாத திதி. காவேரி போனைப் போட்டாள்.

"ஏனுங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடறனுங்க. இந்த ஒருக்கா மட்டும் போயி ஒரு வெளக்கு வெச்சுட்டு வாங்க. நான் பொழச்சு வந்ததுக்காவது போங்க."

அந்தப் பக்கம் அவர் துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "செரி புள்ள" என்றார். காவேரி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சேர்வராயனைக் கும்பிட்டாள்.

தையல் ஆறி அவள் ஏற்காட்டில் பஸ் இறங்கியபோது, பழனிசாமி முன்கூட்டியே வந்து காத்துக்கொண்டு நின்றார். பையை வாங்கிக்கொண்டார். கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றினார். முகமே வேறாக இருந்தது, சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி. வீட்டில் அவரே ரசம் வைத்திருந்தார். அவள் உட்கார்ந்ததும் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"போயிட்டு வந்தேன் புள்ள. நம்ம கீர்த்தனா கிட்ட."

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம்! காவேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். உம் மேல கோவந்தாம் வந்துச்சு போ. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போறயே, எடத்த இப்புடியா போட்டு வெச்சிருப்ப? மண்ணே தெரியல, ஒரே புல்லு. எம் புள்ள மேல புல்லு மண்டிக் கெடக்குதேன்னு எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. இத்தன வருசமா வராத பாவி நானு, அதான் இப்புடிக் கெடக்குதுன்னு நெனச்சேன். ஊட்டுக்கு ஓடியாந்து கொத்த எடுத்துட்டுப் போனேன்."

காவேரி சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒண்ணு உடல புள்ள. பொழுது எறங்கற மட்டும் உக்காந்து, வேரோட எடுத்து, மண்ண உதறி, வானம் பாக்கக் கவுத்துப் போட்டேன். இனி மொளைக்கவே மொளைக்காது. கூட்டி, தண்ணி தெளிச்சு, வெளக்கு வெச்சேன். அவ கிட்டச் சொன்னேன். 'அப்பன் வந்துட்டேன் சாமி. எம் மீசைல களை புடுங்குவியே, இன்னிக்கு உனக்கு நாம் புடுங்கறேன்'னு சொன்னேன்." அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் செத்த அன்றுகூட அப்படி அழாதவர். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மனசு லேசாச்சு புள்ள. இனி மாசாமாசம் போறேன். நீ ஒடம்பப் பாத்துக்க, எடத்த நாம் பாத்துக்கறேன்" என்றார்.

என்ன சொல்லுவாள்? சொன்னால் அந்த மனுஷன் இனி மண்ணை மிதிப்பாரா? வராத காலத்தில் வா வா என்று உயிரை எடுத்தவளே அவள்தான். வந்தார். தனக்குத் தெரிந்த ஒரே வேலையை, வாழ்நாளெல்லாம் செய்து நல்ல பேர் வாங்கிய வேலையை, மகளுக்கென்று ஆசையாகச் செய்துவிட்டு வந்திருக்கிறார். இது நட்ட புல் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லி வைத்தாளா? கோபத்தில் அதைக்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டாளே. ஈவ்லினம்மா தோட்டத்தில் அவள் கை மட்டும் என்ன செய்தது?

"நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றாள் காவேரி. ரசம் சாதத்தை அவருக்காக இரண்டு வாய் விழுங்கினாள். பிறகு பின்பக்கம் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆபரேஷன் பண்ணின இடம் விண்விண் என்று வலித்தது.

மறுநாள் அவர் ஏற்காட்டுக்கு மாத்திரை வாங்கப் போன நேரத்தில், காப்பிச் செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கினாள். அவர் பொய் சொல்லவில்லை. பளிச்சென்று இருந்தது. ஒரு துரும்பு இல்லை. சிவந்த மண் வழுவழுவென்று கூட்டி விட்டபடி, அங்கே யாரும் படுத்திருக்கிற அடையாளமே இல்லாமல், காலி இடமாகக் கிடந்தது. ஓரத்தில் அவள் வளர்த்ததெல்லாம் குவியலாய், வேர் மேலே பார்க்க, காய்ந்து சுருண்டிருந்தது. காவேரி அந்த மண்ணில் விழுந்தாள். "என்னிய மன்னிச்சுரு சாமி, உங்கப்பனத் திட்டாத. அந்தாளுக்குத் தெரியாது" என்று மண்ணோடு வாய் வைத்துச் சொன்னாள். தேறி எழுந்து குவியலைக் கிளறினாள். அடியில் கிடந்த கொஞ்சத்தின் வேரில் மட்டும், மணி மணியான கிழங்கு வற்றாமல் இருந்தது. பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து பக்கெட்டுத் தண்ணீரில் போட்டு வைத்தாள்.

சாயங்காலம் பழனிசாமி கை கழுவப் போனவர் பக்கெட்டைப் பார்த்துவிட்டார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன புள்ள?"

"அதுங்களா? நாந்தானுங்க புள்ளைக்கு ஓரமாக் கொஞ்சம் நட்டிருந்தேன். அதைக் காட்டெருமை மேஞ்சு போட்டிருச்சு. பொழைக்குதான்னு பாக்கறேன்."

மோந்து பார்த்துவிட்டுப் போகிற அந்த வாயில்லாப் பிராணியின் தலையில் பழியைப் போட்டாள். வேறு வழி தெரியவில்லை. பழனிசாமி கையிலிருந்ததைத் தண்ணீரில் மெதுவாகத் திரும்ப வைத்தார். அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விடிந்தும் விடியாமலும் எழுந்து எங்கேயோ போய்விடுவார். எங்கே என்று கேட்டால், சும்மா காட்டுப் பக்கம் என்பார்.

கொஞ்சம் தெம்பு வந்ததும், ஒரு காலை பங்களாவுக்குப் போய் ஈவ்லினிடம் நடந்ததைச் சொன்னாள் காவேரி. அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாசர் ஒரு பை நிறையப் புதுப் புல்லைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை விட்டு இறங்கி எஸ்டேட் கேட்டுக்குள் நுழையும்போது தப்புச் சத்தம் கேட்டது. மேல் லைனில் யாரோ ஒரு பெரியவர் காலையில் போய்விட்டாராம். குழி வெட்டப் போயாச்சா என்று கேட்டாள். எப்பவோ போயாச்சு என்றார்கள்.

அங்கேதான் ஒரு பச்சைகூட இல்லையே, காலி இடம் என்றுதானே நினைப்பார்கள்! தையலும் ஆச்சு, வலியும் ஆச்சு. பையை மார்போடு அணைத்துக்கொண்டு காப்பிக்காட்டுச் சரிவில் விழுந்தடித்து ஓடினாள். கீழே மம்முட்டி மண்ணில் இறங்கும் சத்தம் தொப்பு தொப்பென்று கேட்டது. "மணீ! வெட்டாத மணீ! எம் புள்ள!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

மணி நிமிர்ந்து பார்த்தான். அவனும் இன்னொருவனும் ஓடைப் பக்கமாய்த் தள்ளிப் புதிய குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே, அந்த வழித்துவிட்ட சிவப்பு மண்ணின் நடுவில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பழனிசாமி உட்கார்ந்திருந்தார்.

"பயப்படாதீங்கக்கா" என்றான் மணி. "நாங்க வரப்பவே உக்காந்துட்டு இருந்தாரு. இவரு மட்டும் இல்லீன்னா, காலியாக் கெடக்குதேன்னு இங்கதான் கொத்தியிருப்போம். இது எம் புள்ள எடம், தள்ளிப் போங்கடான்னாரு. தள்ளித்தான் வந்துட்டமே, இன்னமும் எந்திரிக்க மாட்டீங்கறாரு. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

காவேரி மூச்சிரைக்கப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"காட்டெருமை மேஞ்சிருச்சுன்னியே. பக்கெட்டப் பாத்த மக்யா நாளே வந்து பாத்தேன் புள்ள. ஒரு கொளம்படி இல்ல. கூட்டுன மண்ண வெலக்குனா எங் கொத்துப் பட்ட தடந்தான் இருக்குது. குழி குழியா, வரிசை புடிச்சு. களை எங்கியாச்சும் வரிசை புடிச்சு மொளைக்குமா? நாப்பது வருசமாக் களை எடுத்த நாயி, அது தெரியாமப் புடுங்கியிருக்கறேன்."

"நானும் புடுங்குனவதானுங்க. பங்களாவுல மொத நாளு இதையேதான் புடுங்குனேன்."

"அது தோட்டம். இது எம் புள்ள."

காவேரி அவர் தோளைத் தொட்டாள். "எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

"நான் வரல. நீ நட்ட அடையாளத்த நாந்தான அழிச்சேன்? மறுக்காப் புல்லு புடிக்கற மட்டும் இங்க ஒரு அடையாளம் வேண்டாமா? நான் உக்காந்துக்கறேன்."

"அதுக்கு நாலஞ்சு வருசமாவுங்களே."

"ஆவட்டும்."

காவேரி பையை அவிழ்த்தாள். விரலால் மண்ணைக் கிளறி ஒரு குழி பறித்தாள். பழனிசாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் ஒரு புல்லை எடுத்தார். எடுத்த கை, பழக்கத்தில், வேரிலிருந்த மண்ணை ஓங்கி உதறப் போனது. காவேரி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உதறாதீங்க. இதுக்கு மண்ணு வேணும்" என்றாள். அவர் அப்படியே குழியில் இறக்கி வைத்தார், இரண்டு கையாலும் மண்ணை அணைத்தார். ஆயுசில் அவர் நட்ட முதல் புல் அது.

"ஒண்ணுக்கு ஒண்ணு எத்தன தூரம் உடோணும்?" என்று கேட்டார்.

"நெருக்கியே நடுங்க. புள்ளைக்குக் குளுரும்."

நெருக்கி நட்டார்கள். நெருக்கி நட்டதால் புல் தலைமாட்டுக்கு மட்டும்தான் எட்டியது, அதற்குக் கீழே வெறும் மண். மேலே தப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, பெரியவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பழனிசாமி கம்பளியைத் தோளிலிருந்து எடுத்தார். மிச்சமிருந்த மண்ணின் மேல் அதைக் கால்மாடு வரைக்கும் இழுத்து விரித்து, காற்றில் பறக்காமல் நாலு ஓரத்திலும் கல் வைத்தார்.